கட்டண நோட்டீஸ் அச்சாகும் முன்பே சம்பளம் பேசுங்கள்

பிளே ஸ்கூல் வேலைக்கான இன்டர்வியூ எங்கள் ஊரில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கும். என்ன படித்திருக்கிறீர்கள், பாட்டு வருமா, கதை சொல்வீர்களா, இங்கிலீஷ் சரளமா என்று முக்கால் மணி நேரம் கேட்பார்கள். சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவார்கள். கடைசியில் எழுந்துகொள்ளும் நேரத்தில், "சேலரி மத்த டீச்சர்ஸுக்குக் கொடுக்கிற மாதிரியே பார்த்துக்கலாங்க" என்று ஒரு வரி வரும். அதற்குத் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, ஒரு மாதம் கழித்துக் கையில் கவரை வாங்கியபோதுதான் தன் சம்பளம் எவ்வளவு என்றே தெரிந்துகொண்ட பெண்கள் எனக்கு நிறையப் பேரைத் தெரியும்.

நான் கோயம்புத்தூரில் மனையியல் படித்தவள். குழந்தை வளர்ச்சிதான் என் முக்கியப் பாடம். அப்புறம் மழலையருக்கான மாண்டிசோரி கல்விமுறையில் பயிற்சியும் முடித்தேன். தனியார் மழலையர் பள்ளிகளில் வகுப்பாசிரியையாகப் பல வருடங்கள் இருந்துவிட்டு, இப்போது ஒரு கம்பெனி வளாகத்துக்குள் இருக்கும் குழந்தைகள் காப்பகத்தைக் கவனித்துக்கொள்கிறேன். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் இருக்க வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் கொண்டுவந்த திருத்தத்தால் பிறந்த வேலை இது. இங்கே ஆட்களை எடுப்பதும், வருடாந்திர பட்ஜெட் போடுவதும் நான்தான். சம்பளம் வாங்கும் நாற்காலியிலும் கொடுக்கும் நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இதை எழுதத் தோன்றியது.

முதலில், படித்த ஒருவர் வகுப்பில் இருந்தால் என்ன வித்தியாசம் என்று பார்ப்போம். "சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கிறதுக்கு எதுக்கு டிப்ளமோ?" என்ற கேள்விதான் சம்பளப் பேச்சில் எப்போதும் குறுக்கே வந்து நிற்கிறது.

இரண்டு வயதுக் குழந்தை ஒன்று மற்றக் குழந்தைகளைக் கடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காப்பகத்திலும் இது நடக்கும். பயிற்சி இல்லாதவர் அந்தக் குழந்தையைத் தூக்கி ஓரமாக உட்காரவைப்பார், அதட்டுவார், சாயங்காலம் அம்மாவிடம் புகார் சொல்வார். எங்களிடம் இருந்த ஒரு டீச்சர் வேறு மாதிரி செய்தார். ஒரு நோட்டில் ஒவ்வொரு கடியையும் எழுதிக்கொண்டே வந்தார். எத்தனை மணிக்கு, யாரை, அதற்கு முன் என்ன நடந்தது என்று மூன்று கட்டம். வார முடிவில் பார்த்தால் கடித்தது எல்லாமே பதினொன்றரை மணி சுமாருக்கு. அந்தக் குழந்தை காலையில் ஏழு மணிக்கே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறது, மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு. அதற்குள் பசி தாங்கவில்லை, சொல்லவும் வார்த்தை வரவில்லை. பத்தே முக்காலுக்கு ஒரு வாழைப்பழம் கொடுக்க ஆரம்பித்தார். சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரையும் ஒரே மூலையில் கூட்டி உட்காரவைப்பதையும் நிறுத்தினார். கடிப்பது மெல்ல மெல்ல நின்றுபோனது. அந்த அம்மாவுக்கு ஒரு புகார்கூடப் போகவில்லை.

அதே டீச்சர்தான் இன்னொரு குழந்தை பாட்டு நேரத்தில் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே போய் நிற்பதைக் கவனித்து, காது பரிசோதனை செய்து பார்க்கச் சொன்னார். இதையெல்லாம் அன்பு மட்டும் வைத்துக்கொண்டு செய்துவிட முடியாது. குழந்தையைக் கவனிக்கவும், கவனித்ததை எழுதிவைக்கவும், அதிலிருந்து ஒரு முடிவுக்கு வரவும் கற்றிருக்க வேண்டும்.

அவர் எங்களை விட்டுப் போனது ஒரு ஆகஸ்ட் மாதத்தில். ஜவுளிக்கடை பில்லிங் கவுண்டரில் மூன்றாயிரம் அதிகம் கிடைத்தது, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் இருந்தது, சாயங்காலம் வீட்டுக்குத் தூக்கிப்போக வேலை இல்லை. அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. ஆனால் ஜூனில் அழுது அழுது அவர் மடியில் பழகிய குழந்தைகள், ஆகஸ்டில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தன. டாய்லெட் பழக்கம் வந்திருந்த இரண்டு பேருக்கு மறுபடி டயபர் போட வேண்டியிருந்தது. ஒரு டீச்சரின் சம்பளம் எப்படிக் குழந்தையின் உடம்பில் வந்து தெரியும் என்பதை அந்த மாதம் கண்ணால் பார்த்தேன்.

நான் பார்த்தவரை கோவையில் பயிற்சி பெற்ற வகுப்பாசிரியைக்குச் சின்னப் பள்ளிகளில் ஒன்பதாயிரத்திலிருந்து பதினான்காயிரம் வரை கிடைக்கிறது. இரண்டு வருடம் முறையாகப் படித்தவருக்கும், ஆன்லைனில் சில வாரங்களில் சான்றிதழ் வாங்கியவருக்கும் ஒரே தொகைதான். மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். அந்தக் கல்விமுறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கி வேலை செய்தார். 1946 வரை இந்தியாவில்தான் இருந்தார். அவர் அக்கறை எல்லாம் பயிற்சி பெற்ற ஆசிரியரை உருவாக்குவதில் இருந்தது. நம் தெருக்களில் அவர் பெயர் இருக்கிறது, அந்த ஆசிரியருக்கான சம்பளம் இல்லை.

ஏன் இல்லை என்பதற்குச் சட்டத்திலேயே காரணம் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதிலிருந்து பதினான்கு வயது வரைக்குமானது. மூன்று வயதுக்காரர்கள் அதற்கு வெளியே. ஆசிரியர் தொழிலாளி ஆகமாட்டார், அதனால் அப்போதைய தொழில் தகராறு சட்டத்தின் கீழ் வழக்குக் கொண்டுபோக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1988-ல் சொன்னது. கற்பிப்பது ஒரு உன்னதப் பணி என்ற கருத்து அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அப்போதைய குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் ஆசிரியருக்குப் பொருந்தாது என்று 1996-ல் இன்னொரு தீர்ப்பு. உன்னதம் என்று சொல்லியே எங்களைப் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம். வகுப்பில் எங்களுக்கு உதவும் ஆயாம்மாவுக்கு இருக்கும் சில வழிகள்கூட எங்களுக்கு இல்லை.

அதனால் கையில் இருக்கும் வழிகளைத் தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம். அதற்கு முன் கட்டணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நிர்வாகத்திடம் பேச அதைவிட நல்ல ஆயுதம் எனக்குத் தெரியாது.

ஒரு வகுப்பில் 24 குழந்தைகள், மாதக் கட்டணம் 3,000 என்று வையுங்கள். 72,000 வருகிறது. டீச்சருக்கு 11,000, ஆயாம்மாவுக்கு 8,000 போனால் மொத்தம் 19,000, அதாவது வரவில் கால்வாசியைவிடக் கொஞ்சம் கூட. மீதி வாடகை, மின்சாரம், விளம்பரம், பொருட்கள், லாபம். இப்போது டீச்சரின் சம்பளத்தை 15,000 ஆக்கி, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இரண்டிலும் நிர்வாகத்தின் பங்கையும் புதிதாகச் சேர்த்தால் கூடுதல் செலவு சுமார் 6,400 ரூபாய். 24 குழந்தைகளுக்குப் பிரித்தால் தலைக்கு மாதம் 270 ரூபாய்கூட ஆகாது. ஆண்டு விழா டிரெஸ்ஸுக்கு ஒரே நாளில் இதைவிடப் பல மடங்கு கேட்கிறோம், பெற்றோர் கொடுக்கிறார்கள்.

"கட்டுப்படியாகாதுங்க" என்ற பதில் சில இடங்களில் உண்மைதான். வாடகைக் கட்டடத்தில் பன்னிரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு தவிக்கும் உரிமையாளர்களும் பெண்கள்தான், அவர்கள் கஷ்டமும் தெரியும். ஆனால் நிறைய இடங்களில் கட்டணத்தை முடிவு செய்யும்போது டீச்சர் சம்பளம் கணக்கிலேயே வருவதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் போக மிஞ்சுவதில் கொடுப்பது என்று வைத்திருக்கிறார்கள். மிஞ்சாது.

எனவேதான் எப்போது கேட்கிறோம் என்பது முக்கியம். பெரும்பாலான டீச்சர்கள் ஜூனில் சேரும்போதோ, தீபாவளிக்கு முன்போ கேட்கிறார்கள். அப்போது அந்த வருடக் கட்டணம் வசூலாகி முடிந்திருக்கும், நிர்வாகம் நினைத்தாலும் கை நகராது. அடுத்த வருடக் கட்டணத்தை ஜனவரி, பிப்ரவரியில் முடிவு செய்து, அட்மிஷன் நோட்டீஸ் அச்சடிப்பார்கள். அந்த நோட்டீஸ் பிரஸ்ஸுக்குப் போகும் முன் உங்கள் சம்பளம் பேசப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு பள்ளியில் நாங்கள் நான்கு டீச்சர்கள் சேர்ந்து இப்படித்தான் பேசினோம். பொங்கல் லீவு முடிந்து வந்த வாரம், முன்கூட்டியே நேரம் கேட்டு, ஒரு பக்கத் தாளோடு போனோம். தாளில் எங்கள் கஷ்டங்கள் எதையும் எழுதவில்லை. வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்புச் செலவு என்று ஆரம்பித்தால் பேச்சு இரக்கத்தின் பக்கம் போய்விடும், அப்புறம் ஐந்நூறு ரூபாய் ஏற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். முந்தைய இரண்டு வருடங்களில் நடுவில் விட்டுப்போன டீச்சர்கள் எத்தனை பேர், அதனால் எந்தெந்த வகுப்பில் டீச்சர் மாறினார், அதைக் காரணம் சொல்லிக் குழந்தையை நிறுத்திய பெற்றோர் எத்தனை பேர், ஒரு குழந்தை நின்றால் வருடத்துக்கு எவ்வளவு இழப்பு, இதை மட்டும் எழுதியிருந்தோம். கீழே நாங்கள் கேட்கும் தொகை, அதைக் கட்டணத்தில் பிரித்தால் தலைக்கு எவ்வளவு என்ற கணக்கு.

எங்கள் மேடம் தாளை இரண்டு முறை படித்தார். "நீங்க நாலு பேரும் அடுத்த வருஷம் இருப்பீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். இருப்போம், எழுதியும் தருகிறோம் என்றோம். கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை, முக்கால்வாசி கிடைத்தது. மே மாதச் சம்பளம் மட்டும் அந்த வருடம் நகரவில்லை. அடுத்த வருடம் பாதி மே சம்பளம் வந்தது.

இந்த மே மாத விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மாதம் 12,000 என்று சொல்லி, வருடத்துக்குப் பத்து அல்லது பதினொரு மாதம் மட்டும் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பதினொரு மாதம் கிடைத்தால் உங்கள் உண்மையான மாத வருமானம் 11,000. பத்து மாதம் என்றால் 10,000. இரண்டு பள்ளிகளை ஒப்பிடும்போது எப்போதும் வருடத் தொகையைக் கேளுங்கள். அதேபோல, "உங்க குழந்தைக்கு ஃபீஸ் வேண்டாம்" என்ற சலுகையையும் சம்பளத்தோடு சேர்க்காதீர்கள். குழந்தை யு.கே.ஜி. முடித்து ஒன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளி போனதும் சலுகை முடிந்துவிடும், அதைச் சாக்காக வைத்துக் குறைத்த சம்பளம் அப்படியே நிற்கும். என்னோடு வேலை பார்த்த இரண்டு அம்மாக்களுக்கு இதுதான் நடந்தது.

அப்புறம் கையில் வாங்க வேண்டிய காகிதங்கள். பணி நியமனக் கடிதத்தில் பதவி, கல்வித் தகுதி, அடிப்படைச் சம்பளம், வேலை நேரம், விடுமுறை மாதச் சம்பளம் உண்டா இல்லையா என்பதெல்லாம் இருக்க வேண்டும். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நியமனக் கடிதத்தைக் கட்டாயம் என்கின்றன. கவரில் பணம் வேண்டாம், வங்கிக் கணக்கில் போடுங்கள் என்று பணிவாகக் கேளுங்கள். பதினைந்தாயிரத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒன்பதாயிரம் கொடுப்பது கவரில்தான் சுலபம். வங்கியில் போட்டுவிட்டு ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கும் இடங்களும் உண்டு. அப்படிக் கேட்டால் ஜிபேயில் அனுப்புங்கள், ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். தடயம் இருக்கும். அசல் சான்றிதழ்களைக் காட்டலாம், விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. வற்புறுத்தினால் எதையெல்லாம் வாங்கினார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட ரசீது கேளுங்கள்.

பி.எஃப். விஷயத்தில் இருபது பேர் என்பதுதான் எல்லை, அத்தனை பேர் வேலை செய்தால் கட்டாயம். பத்தொன்பது பேரைக் கணக்கில் காட்டி, ஆயாம்மா, வேன் டிரைவர், வாட்ச்மேன் எல்லோருக்கும் ரொக்கமாகக் கொடுப்பார்கள். இரண்டு கிளை இருந்தால் தனித்தனி என்பார்கள். பி.எஃப். சட்டப்படி கிளைகள் எல்லாம் சேர்ந்து ஒரே நிறுவனம்தான். உங்கள் பங்கு 12 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 12 சதவீதம். நிர்வாகத்தின் பங்கையும் உங்கள் சம்பளத்திலிருந்தே பிடித்தால் அது தவறு. மாதாமாதம் பணம் கட்டப்படுகிறதா என்று அரசின் உமங் ஆப்பில் பாஸ்புக்கைப் பார்த்துவிடலாம்.

ஈ.எஸ்.ஐ.யை நிறையப் பேர் அலட்சியமாக நினைக்கிறார்கள். 21,000 வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு உண்டு, பத்துப் பேர் இருந்தால் போதும், தமிழ்நாட்டில் தனியார் கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும். 12,000 சம்பளத்தில் உங்களிடமிருந்து 90 ரூபாய்தான் போகும், நிர்வாகம் 390 கட்டும். மகப்பேறுக்கு 26 வாரச் சம்பளம் இதிலிருந்து வரும். எங்கள் துறையில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கும் பெண்கள். ஆறாம் மாதத்தில் "ரெஸ்ட் எடுத்துக்கோங்கம்மா, அப்புறம் பார்க்கலாம்" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பிரசவம் பார்த்து, 26 வாரச் சம்பளமும் வாங்கிக்கொண்டு, அதே வேலைக்குத் திரும்பிய டீச்சரும் எனக்குத் தெரியும். வித்தியாசம் அந்த 90 ரூபாய்ப் பிடித்தம்தான்.

பணிக்கொடை, அதாவது வேலையை விட்டுப் போகும்போது நிர்வாகம் மொத்தமாகத் தர வேண்டிய கிராஜுட்டி பற்றித்தான் அதிகத் தவறான தகவல். என் தோழி ஒருவர் ஒரே பள்ளியில் ஆறு வருடம் வேலை செய்துவிட்டு விலகினார். கிராஜுட்டி கேட்டதற்கு, டீச்சர்களுக்கு அது கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். 2004-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொல்லியிருந்தது. ஆனால் 2009-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் ஆசிரியர்களுக்கும் பொருந்தும் என்றாக்கியது. தனியார் பள்ளிகள் அதை எதிர்த்துப் போன வழக்கில் 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. கணக்கு சுலபம்: கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். தோழியின் 12,000-க்கும் ஆறு வருடத்துக்கும் 41,538 ரூபாய் வந்தது.

பதிவுத் தபாலில் கேட்டு எழுதினார். முப்பது நாள் ஆகியும் பதில் இல்லை. தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுத்தோம். நியமனக் கடிதம் இல்லாததால் ஆறு வருட வங்கி ஸ்டேட்மென்ட், அவர் கையெழுத்துப் போட்ட குழந்தைகளின் ரிப்போர்ட் கார்டு நகல்கள் என்று சேர்த்துக் கொண்டுபோனோம். விசாரணைக்கு நோட்டீஸ் போனதுமே பள்ளி செக் கொடுத்துவிட்டது. புதிய சட்டத் தொகுப்பில் குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உண்டு. பதினொரு மாத ஒப்பந்தம் போடும் இடங்களில் தேதிகளைக் கவனமாகப் பாருங்கள்.

அரசு நடத்தும் இடங்கள் மட்டும் எப்படி என்று கேட்பீர்கள். அங்கன்வாடிப் பணியாளருக்கு மத்திய அரசு தரும் மதிப்பூதியம் 2018 அக்டோபரில் 3,000-லிருந்து 4,500 ஆனது. தமிழ்நாடு அரசு அதற்கு மேல் சேர்த்து 7,700 முதல் 24,200 வரை சிறப்புக் காலமுறை ஊதியம் கொடுக்கிறது. அந்த அமைப்பில் வருடா வருடம் ஏற்றம் உண்டு. அந்த ஒரு விஷயத்தைத் தனியார் பள்ளிகள் அப்படியே பார்த்துச் செய்யலாம். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் சங்கமாகச் சேர்ந்து வருடக்கணக்கில் போராடியவர்களால் வந்தது. ஆனால் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் நடக்கும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளுக்கு 2022-ல் எடுத்த சிறப்பாசிரியர்களுக்கு மாதம் 5,000 ரூபாய்தான் நிர்ணயித்தார்கள். ஆசிரியர் பட்டயம் படித்தவர்களுக்கு 5,000. தனியார் நிர்வாகத்திடம் நான் பேசும்போது இந்தத் தொகையை எனக்கே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அரசு ஒரு தொகையை நிர்ணயித்தால் அது அரசு வளாகத்தோடு நிற்பதில்லை.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சேர்க்கைக்குப் போகும்போது ஏசி இருக்கிறதா, சிசிடிவி இருக்கிறதா என்று கேட்கிறீர்கள், கேளுங்கள். கூடவே, "இந்த வகுப்பு மிஸ் எத்தனை வருஷமா இங்க இருக்காங்க? போன வருஷம் நடுவுல யாராவது மாறினாங்களா? ஸ்டாஃபுக்கு பி.எஃப். உண்டுங்களா?" என்றும் கேளுங்கள். பத்துப் பெற்றோர் கேட்டால் அந்த வருடம் பதில் தயாராக இருக்கும். அடுத்த வருடம் பட்ஜெட்டில் அதற்கு ஒரு வரி இருக்கும்.

எங்கள் காப்பகத்தில் இப்போது சம்பள அட்டவணை ஒன்று எழுதி, அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். முறையான பயிற்சி இருந்தால் ஒரு நிலை, பட்டமும் இருந்தால் அடுத்த நிலை, ஒவ்வொரு வருடத்துக்கும் இவ்வளவு ஏற்றம் என்று எல்லோருக்கும் தெரியும்படி. பன்னிரண்டு மாதச் சம்பளம். குழந்தைகள் போனபிறகு குறிப்பு எழுத ஒதுக்கும் நேரமும் வேலை நேரத்துக்குள் வருகிறது. இதற்குக் கம்பெனி நிர்வாகத்தைச் சம்மதிக்க வைக்க அதே ஒரு பக்கத் தாள்தான் உதவியது. இன்னும் முடியாமல் இருப்பது ஆயாம்மாக்களின் விஷயம். அவர்களில் இரண்டு பேர் பயிற்சி வகுப்பில் சேர ஆசைப்படுகிறார்கள். படிப்புக் கட்டணத்தையும், முடித்ததும் சம்பளத்தில் ஒரு நிலை ஏற்றத்தையும் அடுத்த வருட பட்ஜெட்டில் கேட்டிருக்கிறேன். பிப்ரவரியில் பதில் வரும்.